கத்தியக்காவின் கைராசி

கத்தியக்கா என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ அடிதடிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். வாய்ச்சண்டையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை, அது வேறு விஷயம். பெயர் வந்தது மீன் சந்தையில். ஆற்றோரச் சந்தையில் வாசலை ஒட்டிய முதல் மேடை அவளுடையது. மீன் வாங்கியவர்கள் கூடையோடு அவள் முன்னால் வந்து நிற்பார்கள். ஊர்க்கதை ஒரு பக்கம் ஓடும், கத்தி ஒரு பக்கம் ஓடும். கதை முடிவதற்குள் மீன் துண்டாகிப் பையில் ஏறியிருக்கும்.

செதில் சுரண்டுவதும் குடல் எடுப்பதும் எல்லாரும் செய்வதுதான். கத்தியக்காவின் பெயர் வேறொன்றால் நின்றது. மீனின் வயிற்றோரம் கொழகொழவென்று கொழுத்த சதை ஒன்று தொங்கும். பக்கவாட்டில் தோலுக்கடியில் பழுப்பாக ஒரு கீற்று ஓடும். வாடை எல்லாம் அந்த இரண்டு இடத்தில்தான். கத்தியை ஒரு சாய்ப்பு சாய்த்து இரண்டையும் கழித்துவிடுவாள். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்ற சதை. "கத்தியக்கா வெட்டின மீன் சமைச்சா பக்கத்து வீட்டுக்கே தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே ஆட்கள் வருவார்கள்.

கழித்த வயிற்றுச் சதை யாருக்கு? வெட்டுகிறவளுக்கு. அது சந்தையின் எழுதாத சட்டம், ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தினமும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவாள். வாடை என்று ஊரார் ஒதுக்கியதை அவள் தம்பி நெய்போல இருக்கிறது என்று சப்புக்கொட்டித் தின்பான். படகுக்காரர்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த நாக்குதான்.

தம்பிக்கு ஒரு படகு இருந்தது. புருஷன் போன பிறகு கத்தியக்கா தம்பி வீட்டோடுதான் இருந்தாள். அவன் பிடிப்பான், இவள் வெட்டுவாள், வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தத் தொழிற்சாலை சமாச்சாரம் வெளியே வந்தது. ஆற்றின் மேல்பக்கம் மின்மாற்றி செய்கிற தொழிற்சாலை ஒன்று வருஷக்கணக்காக ஓடி, மூடியும் போயிருந்தது. மின்மாற்றிக்குள் ஊற்றுகிற எண்ணெயில் மிச்சம் மீதியை எல்லாம் பின்பக்கக் கால்வாயில் விட்டிருக்கிறார்கள், பாவிகள். தொழிற்சாலை போய்விட்டது, எண்ணெய் போகவில்லை. ஆற்றுச் சேற்றில் படிந்து கிடந்தது. மீனில் அது ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் ஆற்று மீனை யாரும் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். சந்தை ஈ ஓட்டியது. தம்பி படகைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான்.

கத்தியக்காவுக்கு வேலை கொடுத்தது, கேட்டால் சிரிப்பீர்கள், அந்த மீனைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடம்தான். அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த பழைய ஆள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் மீனை விறகு பிளப்பதுபோல் பிளப்பாராம். சந்தையில் பேர் எடுத்தவள் ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கீழ்த்தளத்தில் வெள்ளை ஓடு பதித்த ஓர் அறை. இரும்பு மேசை, தராசு, அரவை இயந்திரம், மூலையில் உறைபெட்டி. கண்காணிப்புக்காக மாதாமாதம் ஆற்றில் பிடித்த மீன் பெட்டியில் வந்து இறங்கும். அவள் அதை வெட்டி, சதையை அரைத்து, புட்டியில் அடைத்து மாடிக்கு அனுப்ப வேண்டும். கழிவு உறைபெட்டிக்குப் போகும், எரிக்கக் கொண்டுபோகிற வண்டி வந்து எடுக்கும் வரைக்கும் அங்கேயே இருக்கும். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. மீனைப் பக்கவாட்டில் வரைந்து, எந்த இடத்தைச் சேர்த்து வெட்ட வேண்டும் என்று புள்ளிக்கோடு போட்ட படம். கோடு வயிற்றோரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டு போனது. முதல் நாளே கத்தியக்கா அதைப் பார்த்தாள். பார்த்து, "படம் போட்டவனுக்கு மீனே வெட்டத் தெரியல, பாவம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பிறகு அந்தப் படம் அவளுக்குப் போன வருஷக் காலண்டர் மாதிரி ஆகிவிட்டது.

மாடியில் இருந்தது டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டர், ரசாயனப் படிப்பு. நல்ல மனுஷி, ஆனால் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ரகம். கத்தியக்கா அனுப்புகிற புட்டிகளை இயந்திரத்துக்குக் கொடுத்து, மீனில் எவ்வளவு எண்ணெய் விஷம் இருக்கிறது என்று அவர்தான் பார்ப்பார். பார்த்ததை வராந்தாப் பலகையில் கம்பம் கம்பமாக வரைந்து மாட்டுவார்கள். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கம்பம் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் தடையை எடுத்துவிடலாம்.

கத்தியக்கா வந்ததிலிருந்து கம்பம் இறங்க ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, மளமளவென்று இறங்கியது. ஆறு பிழைத்துக்கொண்டது என்று எல்லாரும் பேசினார்கள். ஆய்வுக்கூடத்து ஜீப்காரர் ஒரு படி மேலே போய், "எல்லாம் கத்தியக்கா கைராசி" என்றார். அவர் இவளைவிடப் பெரியவர், இருந்தாலும் ஊரோடு சேர்ந்து அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவள் அவரை அண்ணே என்பாள். யார் யாருக்கு மூத்தவர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா டீயோடு கீழே வந்தபோது கத்தியக்கா ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டாள்.

"டாக்டரம்மா, நாமளும் கண்டதைத் தின்னுட்டு மறுநாள் சரியாப் போயிடுறோம். மீனுக்கு மட்டும் என்ன கேடு? ஏன் உள்ளயே வெச்சுக்குது?"

"வெச்சுக்கணும்னு அதுக்கு என்ன ஆசையா அக்கா? உடம்பு ஒண்ணை வெளிய தள்ளணும்னா அது தண்ணியில கரையணும். இது எண்ணெய்ச் சாதி, தண்ணியோட ஒட்டவே ஒட்டாது. கல்லீரல் என்ன பண்ணும்னா, அதுல ஒரு காது மாட்டிவிடப் பாக்கும், தூக்கி வெளிய எறியறதுக்கு. மாட்டிட்டா பித்தத்தோட குடலுக்குப் போய் வெளியேறிடும். ஆனா இந்த எண்ணெயில சிலது இருக்கு, சுத்தி முழுக்கக் குளோரின். காது மாட்ட எடமே கெடையாது. கல்லீரல் முட்டி மோதிப் பாத்துட்டு விட்டுடும். திரும்ப ரத்தத்துக்கு வரும். ரத்தம் கொண்டுபோய்க் கொழுப்புல போட்டுடும்."

"அங்கயே கெடக்குமா?"

"இரை கெடைக்கிற வரைக்கும் கெடக்கும். பட்டினிக் காலத்துல உடம்பு கொழுப்பைக் கரைக்கும்ல, அப்போ மறுபடி ரத்தத்துல ஏறும். சேத்துல இருக்கிறதைப் புழு தின்னும், புழுவைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். மேல போகப் போக ஏறிக்கிட்டேதான் இருக்கும். வயசான பெரிய மீன்லதான் ரொம்ப. அதுலயும் பொம்பள மீன்ல கொஞ்சம் கம்மியா இருக்கும்."

"ஏன்? அது பாத்துப் பாத்துத் தின்னுமா?"

"இல்லக்கா. முட்டைக்குத் தன் கொழுப்பைக் குடுக்கும்ல. அதோட இதையும் சேத்துக் குடுத்துடும்."

கத்தியக்கா டீயைக் கீழே வைத்தாள். "அடக் கடவுளே. அப்போ மனுஷிக்கு?"

"பால்ல கொஞ்சம் போகும். அதுக்காகப் பால் குடுக்காதேன்னு யாரும் சொல்ல மாட்டோம், பால் நல்லதுதான். அம்மா என்ன மீன் தின்றான்னுதான் பாக்கணும்."

தம்பி பொண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். கத்தியக்காவின் மனசு வீட்டுக்கு ஓடிவிட்டு வந்தது. தடைதான் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டாள்.

இவ்வளவு கேட்டவளுக்குத் தன் கத்தி செய்கிற வேலை உறைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். உறைக்கவில்லை. கொழுப்பு என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் கண்ணில் நின்றது கழிவு வாளி. மீன் என்றால் மேசைமேல் இருக்கிற வெள்ளைச் சதை. ஆயுசு முழுக்க அவளுக்கு அது வேறு, இது வேறு. விஷம் கொழுப்பில் இருக்கிறதென்றால் மேலே போகிற மீனில் அது ஒட்டவே கூடாது என்று, அன்றிலிருந்து கத்தியை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்து, இன்னும் சுத்தமாகக் கழித்தாள். கம்பம் சிவப்புக் கோட்டைத் தொட்டு, கீழேயும் போனது. டாக்டரம்மா கண்ணாடியைத் தேடாமலே எடுத்துப் போட்டுக்கொண்டு பலகையை இரண்டு தடவை பார்த்தார்.

தடையை எடுப்பதற்குக் கூட்டம் என்று தேதி குறித்தார்கள். செய்தி கேட்ட அன்று சாயங்காலமே தம்பி ஆள் சேர்த்துப் படகை நிமிர்த்திவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி பொண்டாட்டிக்கு வலி கண்டது. பெண் குழந்தை. கத்தியக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். கூட்டத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு பெட்டி மீன் வெட்ட வேண்டியிருந்தது. ஆள் இல்லை. டாக்டரம்மா ஜீப்காரரைப் பிடித்துக் கீழே அனுப்பினார். மனுஷன் ஜென்மத்தில் மீனைத் தொட்டதில்லை, தட்டில் வந்தால் தின்பதோடு சரி. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, புள்ளிக்கோட்டின் மேலேயே வெட்டி வைத்துவிட்டார்.

கத்தியக்கா திரும்பி வந்த அன்று ஆய்வுக்கூடமே இழவு வீடுபோல இருந்தது. கடைசிப் பெட்டியின் அளவு சிவப்புக் கோட்டை எட்டி உதைத்துவிட்டு மேலே போயிருந்தது. டாக்டரம்மா வராந்தாவில் ஜீப்காரரை நிறுத்தி வைத்துப் பொரிந்துகொண்டிருந்தார்.

"வண்டி எண்ணெயில கை வெச்சுட்டு அப்படியே மீன்ல வெச்சிருக்கீங்க. இல்லன்னா இப்படி எகிறுமா?"

"அம்மா, என் பிள்ளை மேல சத்தியமா சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். அரவை மெஷினையும் கழுவினேன்."

"மேலிடத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? அந்தப் பெட்டியைக் கணக்குல சேக்க வேண்டாம், உங்களை அனுப்பிடுங்கன்னு சொல்றாங்க."

ஜீப்காரர் நிரந்தர ஆள் இல்லை. போ என்றால் போக வேண்டியதுதான். கத்தியக்காவைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு முயற்சி செய்து தோற்றது. "பாத்தியா அக்கா, உன் கைராசி எனக்கு இல்ல."

அவளுக்கு ஐயோ என்றிருந்தது. இந்த மனுஷன் என்ன கூத்தடித்திருக்கிறார் என்று பார்ப்போம் என்று கீழே போய் உறைபெட்டியைத் திறந்தாள். வெட்டுகிறவளின் புத்தி அப்படித்தான், ஒருத்தரின் கைவேலையைக் கழிவைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஜீப்காரர் போட்ட கழிவுப் பையைத் தூக்கினாள். லேசாக வந்தது. தலை, முள், குடல், அவ்வளவுதான். பக்கத்தில் அவளே கட்டி வைத்த போன மாதப் பை. அதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. உறைந்துபோன வயிற்றுச் சதையும் பழுப்புக் கீற்றும் பையின் வழியாகவே தெரிந்தன.

வயிறு எங்கே போச்சு என்று தேடினாள். ஜீப்காரர் வயிற்றையும் சேர்த்து அரைத்திருக்கிறார்.

இந்த மனுஷனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் சுவரைப் பார்த்தாள். புள்ளிக்கோடு வயிற்றோரத்தை வளைத்துக்கொண்டு போனது. அப்போதுதான் டாக்டரம்மா டீயோடு வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. ரத்தம் கொண்டுபோய்க் கொழுப்பில் போட்டுவிடும். அந்தக் கொழுப்பை மாதாமாதம் இவள் சீவிச் சீவிக் கழிவில் போட்டுவிட்டு, மிச்சத்தை மாடிக்கு அனுப்பியிருக்கிறாள். ஆறும் பிழைக்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை. இறங்கியது அவள் கத்தியால்.

மாடிக்கு இரண்டு படி ஏறினாள், இறங்கிவிட்டாள். சொன்னால் தடை நிற்கும், படகு மறுபடி கவிழும். வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஜீப்காரர் போவார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்று முழுக்க ஒரு மீன்கூட அவள் வெட்டவில்லை, மேசையைத்தான் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கொல்லையில் தம்பி படகுக்கு நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். மூக்கில், காதில் எல்லாம் பெயிண்ட். கிடங்குக்குப் போன நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. தம்பி பொண்டாட்டி கதவோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மொத நாள் மொத மீனு உன் மேடைக்குத்தான்," என்றான் தம்பி. "நீ வெட்டு, ஊர்க்காரன் வாங்கட்டும். வயிறு மட்டும் இவளுக்கு. பால் குடுக்கிறவ, நல்லாத் திங்கட்டும்."

"ஆமா அண்ணி, எத்தனை நாளாச்சு நாக்குல பட்டு," என்று அவளும் சிரித்தாள்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது. கத்தியக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷம் எத்தனை காகிதப் பொட்டலம் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்திருப்பாள்! ஊராருக்கு வெள்ளைச் சதையைக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டுக்கு அள்ளி அள்ளிக் கொண்டுவந்தது இதைத்தானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா கைப்பையை மேசையில் வைப்பதற்குள் கத்தியக்கா இரண்டு கழிவுப் பையையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"இது அண்ணன் வெட்டினது. இது நான் வெட்டினது. தூக்கிப் பாருங்க."

டாக்டரம்மா தூக்கிப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"சந்தையில வாடை அடிக்கக்கூடாதுன்னு வயித்தைக் கழிச்சிடுவேன். இங்கயும் அப்படியேதான் கழிச்சேன். வந்ததுலேருந்து. நீங்க கொழுப்புன்னு சொன்ன பிறகு இன்னும் அதிகமா. அண்ணன் மேல தப்பு இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாததால ஒழுங்கா வெட்டிட்டாரு."

டாக்டரம்மா இரண்டு பையையும் மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு கத்தினார். சுவரில் படம் எதற்கு மாட்டியிருக்கிறது, அழகுக்கா என்று கத்தினார். கத்தியக்கா வாய் திறக்கவில்லை. அவளை அறிந்தவர்கள் அதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கத்தி முடித்த டாக்டரம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு மாசமும் மீனோட கொழுப்பு எவ்வளவுன்னும் அளந்துக்கிட்டுதான் இருக்கேன் அக்கா. அதுவும் கூடவே குறைஞ்சுது. மீன் மெலிஞ்சு போச்சு போலன்னு நெனச்சேன். நல்ல சேதி வந்தா யாரு தோண்டித் துருவறா? நானும் ஒரு தடவை கீழ வந்து நீங்க வெட்டுறதைப் பாத்திருக்கணும்."

பையில் இருந்த வயிற்றுச் சதையை அரைத்து இயந்திரத்தில் கொடுத்தார்கள். வந்த அளவைப் பலகையில் வரைய இடம் போதாது. கூட்டம் நின்றது, தடையும் அப்படியே இருந்தது. பழைய கம்பங்களை எல்லாம் அழித்து, மீனை முறையாக வெட்டி முதலிலிருந்து அளக்க வேண்டும் என்று உத்தரவானது. கத்தியக்காவை அனுப்பவில்லை. படத்தைப் பார்த்து வெட்டுவேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஜீப்காரர் மட்டும் நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என் வீட்டுல தினம் திட்டு வாங்குறேன். இன்னைக்குத்தான் அதுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு" என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அதெல்லாம் சரி. தம்பியிடம் யார் சொல்வது?

அவள்தான் சொன்னாள். கொல்லையில், பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, ஆரம்பத்திலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தம்பி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே கேட்டான். பெயிண்ட் அவன் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் கவனிக்கவில்லை.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றான்.

"இருந்திருக்கலாம்."

"கெடங்குல மூட்டை தூக்கி என் முதுகு ஒடஞ்சு கெடக்கு. உனக்கு யாரோ ஒரு ஜீப்காரன்தான் பெருசாப் போயிட்டான், இல்ல?"

"அந்த அண்ணனுக்காக மட்டும் இல்லடா. மொத மீனோட வயிறு யாருக்குன்னு நீ சொன்னே?"

தம்பியின் கண் தானாகக் கதவுப் பக்கம் போனது. அங்கே அவன் பொண்டாட்டி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் நாங்க தின்னது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதுக்குத்தான் எனக்கு மனசு ஆறலை. டாக்டரம்மா பால் குடுக்கச் சொல்றாங்க, பயப்பட வேண்டாம்னு சொல்றாங்க. இனிமே திங்காம இருக்கிறதுதான் நம்ம கையில இருக்குன்னாங்க."

அவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அது ஒற்றை ஆள் கவிழ்க்கிற படகு இல்லை. அவன் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கத்தியக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தம் பிடித்துப் படகைக் கவிழ்த்தார்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை, இரண்டு பேர் உள்ளங்கையும் நீலமாகிவிட்டது.

தம்பி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு துணியை அவளிடம் நீட்டினான்.

"நாளைக்காவது ஒழுங்கா வெட்டு," என்றான்.

"சரிடா," என்றாள் கத்தியக்கா.